நடுங்கிய கை: சர்வோ மோட்டாருக்கு எந்த பேட்டரி?

வட்டார அளவிலான அறிவியல் கண்காட்சி. எங்கள் பள்ளியின் மேசையில் அட்டையாலும் ஐஸ் குச்சியாலும் செய்த ஓர் இயந்திரக் கை இருந்தது. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி இரண்டு மாதம் உழைத்துச் செய்தது. நான்கு சிறிய சர்வோ மோட்டார்கள், ஓர் ஆர்டுயினோ ஊனோ பலகை, ஒரு 9 வோல்ட் பேட்டரி. மேசையில் இருக்கும் சாக்பீஸ் துண்டை எடுத்துப் பக்கத்து டப்பாவில் போட வேண்டும், அவ்வளவுதான். நடுவர்கள் வந்து நின்றதும் அவள் சுவிட்சைப் போட்டாள். கை பாதி உயர்ந்தது. குளிர் காய்ச்சல் கண்டவர் கைபோல் நடுங்கியது. சட்டென்று தொடங்கிய இடத்துக்கே திரும்பியது. மறுபடியும் பாதி உயர்ந்து, நடுங்கி, திரும்பியது. நடுவர்கள் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்கள்.

"நிரலில் எங்கேயோ தப்பு செய்திருக்கிறாய். மறுபடி எழுதிப் பார்" என்று நான் சொன்னேன். அவளும் உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் உட்கார்ந்து ஒரு வாரம் முழு நிரலையும் திரும்ப எழுதினாள். கை அப்போதும் நடுங்கியது. அதன்பிறகு ஒருநாள் பெட்டியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டு, "எனக்கு கோடிங் வராது போல டீச்சர். அடுத்த வருஷம் வேற யாராவது செய்யட்டும்" என்றாள்.

அவள் நிரலில் ஒரு பிழையும் இல்லை. பிழை நான் வாங்கிக் கொடுத்த பேட்டரியில் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதம் ஆனது. ரோபோட்டிக்ஸ் இப்போது பல பள்ளிகளுக்கு வந்துகொண்டிருக்கிறது. என் தவறு இன்னொரு பள்ளியில் இன்னொரு குழந்தையின் நம்பிக்கையைக் குலைக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கிரைண்டர் சொன்ன பதில்

ஒருநாள் மாலை வீட்டில் மாவாட்டக் கிரைண்டரைப் போட்டேன். போட்ட கணத்தில் விளக்கு ஒரு நொடி மங்கி, பிறகு பழையபடி எரிந்தது. பலமுறை பார்த்ததுதான். அன்று மட்டும் அந்த இயந்திரக் கை நினைவுக்கு வந்தது.

நின்றிருக்கும் மோட்டார் சுழலத் தொடங்கும்போது, சீராக ஓடும்போது எடுப்பதைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை எடுக்கும். அந்த நேரத்தில் கம்பியிலுள்ள மின்தடையால் மின்னழுத்தம் சற்றே விழுகிறது, விளக்கு மங்குகிறது. விளக்குக்கு அதனால் நட்டமில்லை. ஆனால் அந்த விளக்கின் இடத்தில் ஒரு சிறு கணினி இருந்தால்? மின்னழுத்தம் ஒரு வரம்புக்குக் கீழே போனதும் அது தன் வேலையை விட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்கும். ஆர்டுயினோ பலகையில் நடந்தது இதுதான். கை உயரத் தொடங்கும், மின்னழுத்தம் விழும், பலகை ரீசெட் ஆகும், நிரல் முதல் வரியிலிருந்து ஓடும், கை தொடங்கிய இடத்துக்கே திரும்பும்.

சர்வோ மோட்டார் எவ்வளவு எடுக்கும்?

சர்வோ என்பது வெறும் மோட்டார் அல்ல. அந்தச் சிறிய பெட்டிக்குள் ஒரு நேர்மின்னோட்ட மோட்டார், பற்சக்கரங்கள், தண்டு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று அறியும் ஒரு மாறும் மின்தடை, இவற்றை ஒப்பிட்டு இயக்கும் ஒரு சிறு மின்சுற்று ஆகிய நான்கும் இருக்கின்றன. பலகையிலிருந்து 20 மில்லி விநாடிக்கு ஒருமுறை ஒரு துடிப்பு வருகிறது. துடிப்பின் அகலம் ஏறத்தாழ 1 முதல் 2 மில்லி விநாடி. அந்த அகலம்தான் எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்பதைச் சொல்கிறது. சொன்ன கோணம் வரும்வரை உள்ளே இருக்கும் மோட்டார் ஓடுகிறது. யாராவது தள்ளினால் எதிர்த்து நிற்கிறது.

பள்ளிகளில் பரவலாகப் பயன்படும் நீல நிற எஸ்.ஜி.90 வகை 9 கிராம் எடை கொண்டது. 4.8 முதல் 6 வோல்ட் வரை அதற்கு ஏற்றது. சும்மா நிற்கும்போது சில மில்லி ஆம்பியர் மட்டுமே எடுக்கும். எடையில்லாமல் திரும்பும்போது 100 முதல் 250 மில்லி ஆம்பியர் வரை எடுக்கும். தண்டு எதிலாவது முட்டி நகர முடியாமல் நின்றால் சுமார் 700 மில்லி ஆம்பியர் எடுக்கும். உலோகப் பற்சக்கரம் கொண்ட பெரிய எம்.ஜி.996ஆர் வகை அப்படி நின்றால் 6 வோல்ட்டில் சுமார் 2.5 ஆம்பியர் எடுக்கும்.

இந்தக் கடைசி எண்தான் முக்கியமானது. கடைக்குப் போனால் "எத்தனை வோல்ட்?" என்று கேட்கிறோம். "எத்தனை ஆம்பியர் தரும்?" என்று கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. 6-ஐவிட 9 பெரிய எண், ஆகவே அது பலமான பேட்டரி என்று மாணவர்கள் நினைப்பதுபோலவே நானும் நினைத்திருந்தேன்.

செயல்பாடு 1: பேட்டரியின் அகமின்தடையை அளத்தல் (9 முதல் 12-ஆம் வகுப்பு வரை)

மறுநாள் மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்குப் போனேன். இரண்டு 10 ஓம், 5 வாட் மின்தடையாக்கிகளைத் தொடராக இணைத்து 20 ஓம் ஆக்கிக்கொண்டேன். முதலில் பேட்டரியின் மின்னழுத்தத்தைத் தனியாகவும், பிறகு அந்த 20 ஓம் மின்தடையை அதன் முனைகளில் சில விநாடிகள் மட்டும் இணைத்தும் அளந்தேன்.

நாங்கள் பயன்படுத்திய சாதாரண 9 வோல்ட் பேட்டரி: தனியாக 9.1 வோல்ட், மின்தடையை இணைத்ததும் 6.3 வோல்ட்.

மீள்மின்னேற்றம் செய்யக்கூடிய நான்கு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ஏ.ஏ. மின்கலங்கள்: தனியாக 5.30 வோல்ட், மின்தடையை இணைத்ததும் 5.22 வோல்ட்.

பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் வரும் அகமின்தடைக் கணக்கு இதுவே. விழுந்த மின்னழுத்தத்தை, இணைத்த பிறகு கிடைத்த மின்னழுத்தத்தால் வகுத்து, வெளி மின்தடையால் பெருக்கினால் அகமின்தடை கிடைக்கும். 9 வோல்ட் பேட்டரிக்கு 2.8 ÷ 6.3 × 20, அதாவது சுமார் 9 ஓம். ஏ.ஏ. மின்கல அடுக்குக்கு 0.08 ÷ 5.22 × 20, அதாவது சுமார் 0.3 ஓம்.

இப்போது ஒன்பதாம் வகுப்பு மாணவரும் ஓம் விதியைக் கொண்டு மீதியைச் சொல்லிவிடுவார். ஒரே ஒரு சர்வோ முட்டி நின்று 0.7 ஆம்பியர் கேட்டால், 9 வோல்ட் பேட்டரிக்குள்ளேயே 0.7 × 9 = 6.3 வோல்ட் வீணாகிவிடும். வெளியே மூன்று வோல்ட்கூட மிஞ்சாது. ஏ.ஏ. அடுக்கில் 2 ஆம்பியர் எடுத்தாலும் 0.6 வோல்ட்தான் விழும். 4.7 வோல்ட் கிடைக்கும், சர்வோ வேலை செய்யும்.

9 வோல்ட் பேட்டரியைக் குறை சொல்லவும் முடியாது. அதற்குள் 1.5 வோல்ட் கொண்ட ஆறு சிறிய மின்கலங்கள் தொடரிணைப்பில் இருக்கின்றன. டிரான்சிஸ்டர் ரேடியோ, புகை எச்சரிக்கைக் கருவி, நாம் அளக்கப் பயன்படுத்தும் மல்டிமீட்டர் போன்ற கொஞ்சமாக மின்னோட்டம் எடுக்கும் கருவிகளுக்காகச் செய்யப்பட்டது அது. அகமின்தடை குறைவான அல்கலைன் வகையிலும் அதன் கொள்ளளவு சுமார் 500 மில்லி ஆம்பியர் மணிதான். நான்கு மோட்டார்களை அதன் தலையில் கட்டியது நம் தவறு.

ஒரு எச்சரிக்கை. மல்டிமீட்டரில் மின்னோட்டம் அளக்கும்போது சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றியிருப்போம். அதை மறந்து அப்படியே பேட்டரி முனைகளில் மின்னழுத்தம் அளக்க வைத்தால் அது குறுக்குச்சுற்று. மாணவர் கையில் கொடுக்கும் முன் வயர் எந்தத் துளையில் இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் பார்த்துவிடுங்கள்.

செயல்பாடு 2: மீட்டர் இல்லாமலே காட்டலாம் (4 முதல் 8-ஆம் வகுப்பு வரை)

தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு இதன் எளிய வடிவம் ஒன்று உண்டு. இரண்டு டார்ச் மின்கலங்களைத் தொடராக வையுங்கள். அவற்றுடன் ஒரு டார்ச் பல்பையும், பழைய பொம்மை காரிலிருந்து எடுத்த ஒரு சிறு மோட்டாரையும் பக்க இணைப்பில் சேருங்கள். பல்பு எரியும், மோட்டார் ஓடும். இப்போது மோட்டார் தண்டை விரலால் மெல்லப் பிடித்து நிறுத்தச் சொல்லுங்கள். பல்பு மங்கும். விட்டால் மீண்டும் பிரகாசிக்கும். நிறுத்தியபடியே நெடுநேரம் வைத்திருக்க வேண்டாம், மோட்டார் சூடாகும்.

"மோட்டாரைப் பிடித்தால் பல்பு ஏன் மங்க வேண்டும்?" என்ற கேள்வியை மட்டும் வகுப்பில் விட்டுவிடுங்கள். "மோட்டாருக்கு அதிகம் பசிக்குது, பல்புக்குப் பத்தலை" என்று எங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் சொன்னான். அதைவிடத் தெளிவாக நானும் சொன்னதில்லை.

பலகையிலிருந்தே எடுத்தால் என்ன?

நாங்கள் செய்த இரண்டாவது தவறு, நான்கு சர்வோக்களுக்கும் ஆர்டுயினோவின் 5 வோல்ட் முனையிலிருந்தே மின்சாரம் எடுத்தது. கணினியின் யு.எஸ்.பி. வழியாக ஊனோ பலகை இயங்கும்போது, அதிலுள்ள பாதுகாப்பு ஃப்யூஸ் 500 மில்லி ஆம்பியர் அளவுக்கானது. ஒரு சர்வோவைத் தனியாகச் சோதித்தால் நன்றாக ஓடும். அதனால்தான் பள்ளியில் ஒவ்வொன்றாகச் சோதித்தபோது எங்களுக்கு எதுவும் தெரியவில்லை.

பேட்டரியைப் பலகையின் வட்டத் துளையில் செருகினால் வேறு சிக்கல் வருகிறது. பலகையிலுள்ள ரெகுலேட்டர் 9 வோல்ட்டை 5 ஆக்குகிறது. மீதி 4 வோல்ட் வெப்பமாகிறது. அரை ஆம்பியர் எடுத்தால் 4 × 0.5 = 2 வாட் அந்தச் சிறு சில்லிலேயே வெப்பமாக வெளியேறும். தொட்டால் சுடும். மின்திறன் பாடத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. பலகைக்கு ஒரு வழி, மோட்டார்களுக்குத் தனி வழி என்று மின்சாரத்தைப் பிரிப்பதே சரி.

எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

முதலில் தேவையைக் கணக்கிடுங்கள். மோட்டார்களின் எண்ணிக்கையை, முட்டி நிற்கும்போது ஒன்று எடுக்கும் மின்னோட்டத்தால் பெருக்குங்கள். எங்கள் கைக்கு 4 × 0.7 = 2.8 ஆம்பியர். நான்கும் ஒரே நேரத்தில் முட்டி நிற்பது அரிது என்றாலும் 3 ஆம்பியர் தரும் மூலம் இருந்தால் கவலையில்லை. ஒன்றன்பின் ஒன்றாக இயங்கும்படி நிரல் எழுதினால் 2 ஆம்பியர் போதும்.

கைபேசி சார்ஜர்: மேசையில் வைத்துக் காட்டும் மாதிரிகளுக்கு முதல் தேர்வு இதுதான். பட்டையான பழைய வகை யு.எஸ்.பி. துளையும், 5 வோல்ட், 2 ஆம்பியர் அல்லது அதற்கு மேல் என்ற அச்சும் இருக்க வேண்டும். பி.ஐ.எஸ். பதிவு எண் உள்ளதா என்று பாருங்கள். பழைய கேபிளின் மறுமுனையை வெட்டி, வழக்கமாகச் சிவப்பாகவும் கறுப்பாகவும் இருக்கும் இரு வயர்களை எடுத்துக்கொள்ளலாம். எது நேர்முனை என்பதை நிறத்தை நம்பாமல் மீட்டரால் உறுதி செய்யுங்கள். நீளமான மெல்லிய கேபிளிலும் மின்னழுத்தம் விழும், குட்டையான தடித்த கேபிளே நல்லது.

நான்கு ஏ.ஏ. நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு மின்கலங்கள்: நகரும் வண்டிகளுக்கு ஏற்றவை. ஒவ்வொன்றும் 1.2 வோல்ட், நான்கும் சேர்ந்து 4.8 வோல்ட். பல நூறு முறை மின்னேற்றலாம் என்பதால் பள்ளிக்கு மிச்சம். அதற்கென உள்ள சார்ஜரில் மட்டுமே மின்னேற்ற வேண்டும்.

நான்கு ஏ.ஏ. அல்கலைன் மின்கலங்கள்: அவசரத்துக்கு உதவும். புதிதாக இருக்கும்போது மொத்தம் 6 வோல்ட்டைச் சற்றுத் தாண்டும். வடிய வடிய மின்னழுத்தம் இறங்கிக்கொண்டே வரும். இவற்றை மின்னேற்ற முயலக் கூடாது. பழையதையும் புதியதையும் கலக்கவும் கூடாது.

பவர் பேங்க்: 5 வோல்ட், 2 ஆம்பியர் தருவது நன்றாக வேலை செய்யும். ஆனால் பல பவர் பேங்குகள், எடுக்கும் மின்னோட்டம் மிகக் குறைந்தால் "கைபேசி நிறைந்துவிட்டது" என்று கருதித் தாமே அணைந்துவிடும். கண்காட்சிக்கு முன்பே அரை மணி நேரம் சும்மா வைத்துச் சோதியுங்கள்.

18650 லித்தியம் மின்கலங்கள்: ஒன்றுக்கு 3.7 வோல்ட், முழுதாக மின்னேற்றினால் 4.2 வோல்ட். இரண்டைத் தொடராக இணைத்தால் 8.4 வோல்ட் வரை வரும். அதை எஸ்.ஜி.90-க்கு நேரடியாகக் கொடுத்தால் மோட்டார் கெட்டுவிடும். நடுவில் ஒரு பக் கன்வெர்ட்டர் வைத்து 5 வோல்ட்டாக இறக்க வேண்டும். அது சாதாரண ரெகுலேட்டரைப்போல மிச்சத்தை எல்லாம் வெப்பமாக்குவதில்லை. ஆனால் லித்தியம் மின்கலம் குறுக்குச்சுற்றானால் தீப்பிடிக்கக்கூடும். பாதுகாப்புச் சுற்று உள்ளதை மட்டும் வாங்குங்கள். அதற்கான சார்ஜரில், ஆசிரியர் பார்வையில், பகலில் மட்டும் மின்னேற்றுங்கள். உப்பியது, தோல் கிழிந்தது எதையும் தொடவிடாதீர்கள். எட்டாம் வகுப்பு வரை இந்த வகையே வேண்டாம் என்பது என் கருத்து.

இணைக்கும்போது கவனிக்க

எஸ்.ஜி.90-இன் பழுப்பு வயர் எதிர்முனை, சிவப்பு நேர்முனை, ஆரஞ்சு சைகை. சிவப்பு வயர்கள் மோட்டார்களுக்கான தனி மூலத்துக்குப் போக வேண்டும். பழுப்பு வயர்கள் அந்த மூலத்தின் எதிர்முனைக்குப் போக வேண்டும். அந்த எதிர்முனையிலிருந்து ஆர்டுயினோவின் கிரவுண்டு முனைக்கும் ஒரு வயர் அவசியம். இந்த ஒரு வயரை மறந்தால், பலகை அனுப்பும் துடிப்பை அளவிட மோட்டாருக்குப் பொதுவான அடிப்படை இல்லாமல் போகும். மின்சாரம் சரியாக இருந்தும் கை தாறுமாறாக ஆடும்.

மோட்டார்களுக்கு அருகில் 1000 மைக்ரோ ஃபாரட், 16 வோல்ட் மின்தேக்கி ஒன்றை மின்வழியின் இரு முனைகளுக்கிடையே இணைத்தால், நொடிப்பொழுது விழும் மின்னழுத்தத்தை அது தாங்கிக்கொள்ளும். அதன் எதிர்முனைப் பட்டையைப் பார்த்து இணையுங்கள். மாற்றி இணைத்தால் வெடிக்கும். மின்தேக்கி சிறு பள்ளத்தைத்தான் நிரப்பும், போதாத பேட்டரியைப் போதுமானதாக்காது.

மோட்டார் நின்ற பிறகும் "உர்" என்று ஓயாமல் முனகினால், போக முடியாத கோணத்துக்குப் போக முயல்கிறது என்று பொருள். அப்போது அது முழு மின்னோட்டத்தையும் குடித்துக்கொண்டிருக்கும். நிரலில் கோணத்தைச் சற்றுக் குறையுங்கள்.

எத்தனை மணி நேரம் தாங்கும்? 2000 மில்லி ஆம்பியர் மணி கொண்ட மின்கல அடுக்கிலிருந்து சராசரியாக 500 மில்லி ஆம்பியர் எடுத்தால் கணக்குப்படி 4 மணி நேரம். நடைமுறையில் 3 என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்காட்சி காலை பத்து முதல் மாலை நான்கு வரை என்றால் இரண்டு செட் வேண்டும்.

முதலில் அளப்போம்

இப்போது எங்கள் ஆய்வகத்தில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். ரோபோ தப்பாக நடந்தால், நிரலைத் திறப்பதற்கு முன், மோட்டார் இயங்கிக்கொண்டிருக்கும்போதே அதன் சிவப்பு, பழுப்பு வயர்களுக்கு இடையே மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். 4.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் முதலில் மின்சாரத்தைச் சரிசெய்ய வேண்டும். இறங்காவிட்டால் கிரவுண்டு வயரைப் பார்க்க வேண்டும். இரண்டும் சரியென்றால்தான் நிரல். மீட்டரின் எண் மெதுவாகவே மாறும், நொடியில் வந்து போகும் பள்ளம் அதில் தெரியாமல் போகலாம். ஆகவே எண் சற்று ஆடினாலே சந்தேகப்படுங்கள்.

அகமின்தடையை அளந்த அன்றே அந்த மாணவியைக் கூப்பிட்டேன். அவள் முதலில் எழுதிய பழைய நிரலையே பலகையில் ஏற்றச் சொன்னேன். மோட்டார்களின் வயர்களை என் கைபேசி சார்ஜருக்கு மாற்றி, கிரவுண்டை இணைத்தோம். கை உயர்ந்தது. சாக்பீஸை எடுத்தது. டப்பாவில் போட்டது.

அவள் என்னைப் பார்த்தாள். "உன் நிரல் அன்றைக்கே சரியாகத்தான் இருந்தது. தப்பு என்னுடையது" என்றேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த 9 வோல்ட் பேட்டரியை நானும் அளந்து பார்க்கலாமா டீச்சர்?" என்று கேட்டு மீட்டரை எடுத்துக்கொண்டாள்.